வரியோடு ஒட்டி நிற்கும் பேச்சு: சேர்ந்து வாசிக்க ஒரு குறிப்புக் கருவி கட்டுவது எப்படி

இணையத்தில் இருக்கும் ஒரு கட்டுரையையோ வரைவு ஆவணத்தையோ பலர் சேர்ந்து வாசித்து, வரிக்கு வரி ஓரத்தில் குறிப்பெழுதி, அங்கேயே பேசிக்கொள்ள ஒரு கருவி செய்யப் போகிறீர்களா? கமென்ட் பெட்டியில் தொடங்காதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணுக்குத் தெரிகிற பகுதி, சீக்கிரம் செய்து நாலு பேருக்குக் காட்டியும் விடலாம். உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. இன்று எழுதிய குறிப்பு, அது எந்த வரியைப் பற்றியதோ அந்த வரியோடு அடுத்த மாதமும் அடுத்த வருஷமும் ஒட்டி நிற்குமா? அது நழுவிவிட்டால் "இது தப்பு" என்று யாரோ எழுதியது மட்டும் மிஞ்சும், எது தப்பு என்பது யாருக்கும் தெரியாது.

இது புதுப் பிரச்சினை இல்லை. மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்குள் சுமார் 450 பேர் 10 மாதங்களில் ஏறத்தாழ 1,250 ஆவணங்களில் 9,000 குறிப்புகள் எழுதியதை ஆராய்ந்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியானது. பலர் அந்தக் கருவியைக் கைவிட்டதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, ஆவணம் திருத்தப்பட்டதும் குறிப்புகள் தங்கள் இடத்தை இழந்ததுதான். பதினைந்து வருஷம் கழித்து, 2015-இல், ஹைப்போதெசிஸ் என்ற திறமூலக் கருவியில் பொதுவில் எழுதப்பட்ட குறிப்புகளை வேறு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோதும் சுமார் கால்பங்கு குறிப்புகளை அவற்றின் பக்கத்தில் திரும்பப் பொருத்த முடியவில்லை. கருவி மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை, வலைப்பக்கங்கள் அவ்வளவு வேகமாக மாறுகின்றன. அதனால்தான் வேலையை இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

யார் வாசிக்கிறார்கள், எதற்காக

நிரல் எழுதுவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாக ஒரு வரியில் பதில் எழுதி வையுங்கள். ஒரு வகுப்பு ஒரே பாடத்தை வாசிப்பது, சிறு குழு ஒரு நூலை வாரக்கணக்கில் வாசிப்பது, ஒரு சட்ட வரைவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் கருத்துச் சொல்வது, ஒரு பதிப்பாசிரியரும் எழுத்தாளரும் திருத்தம் பேசுவது, இந்த நாலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் நாலுக்கும் நாலு கருவி வேண்டும். திருத்த வேலையில் ஒரு குறிப்பு "முடிந்தது" என்று மூடப்பட்டு மறைய வேண்டும், கூகுள் டாக்ஸில் இருப்பதுபோல. வாசிப்புக் குழுவில் அப்படி மறைந்தால் அது இழப்பு, ஏனென்றால் அங்கே பேச்சே பயன். வரைவுக்குக் கருத்துக் கேட்கும் இடத்தில் எந்த வரியில் சச்சரவு அதிகம் என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு அருமையான முன்மாதிரி உண்டு. 2006-இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வரைவை ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் பொதுமக்கள் முன் வைத்தபோது ஸ்டெட் என்றொரு மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். வரைவின் எந்தப் பகுதிக்குக் கருத்துகள் கூடுகின்றனவோ அந்தப் பகுதியின் பின்னணி நிறம் அடர்ந்துகொண்டே போகும். பட்டியல் வேண்டாம், எண்ணிக்கை வேண்டாம், எங்கே சண்டை நடக்கிறது என்று வாசகத்தைப் பார்த்தாலே புரியும். உங்கள் கருவி வரைவுகளுக்கானது என்றால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சிறு குழுவுக்கானது என்றால் வேண்டவே வேண்டாம், ஐந்து பேர் வாசிக்கும் இடத்தில் நிறம் எதையும் சொல்லாது.

குறிப்பை வரியோடு கட்டுவது

வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 பிப்ரவரியில் வலைக்குறிப்புகளுக்கான வெப் அனொட்டேஷன் தரத்தை அதிகாரப்பூர்வமாக வெளியிட்டது. அதைப் படித்துவிட்டே தொடங்குங்கள், சக்கரத்தை மறுபடி கண்டுபிடிக்கிற வேலை மிச்சம். அதில் ஒரு குறிப்பு எதைச் சுட்டுகிறது என்பதைப் பல விதமாகச் சேமிக்கலாம். பக்கத்தின் எச்டிஎம்எல் அமைப்பில் எந்த உறுப்பு என்பது ஒன்று, தொடக்கத்திலிருந்து எத்தனையாவது எழுத்துக்குறி என்பது இன்னொன்று, தேர்ந்தெடுத்த சொற்களையும் அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள சில சொற்களையும் அப்படியே எழுதி வைப்பது மூன்றாவது. எது நல்லது என்று யோசிக்காதீர்கள், மூன்றையும் சேமியுங்கள். பக்கம் மாறாதவரை முதலிரண்டும் வேகமாக வேலை செய்யும், மாறிய பிறகு மூன்றாவதுதான் காப்பாற்றும்.

அது எப்படி என்று ஒரு சின்ன எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஒரு வரைவில் "விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தரப்படும்" என்றொரு வரி. ஒருவர் "30 நாட்களுக்குள்" என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து "இவ்வளவு நாள் எதற்கு, குறைக்க வேண்டும்" என்று எழுதுகிறார். அதே "30 நாட்களுக்குள்" அந்த ஆவணத்தில் இன்னும் மூன்று இடங்களில் வருகிறது. அவர் சொன்னது எந்த 30 என்பதை முன்னால் உள்ள "விண்ணப்பம் கிடைத்த" என்பதும் பின்னால் உள்ள "பதில் தரப்படும்" என்பதும்தான் சொல்கின்றன. ஆகவே சூழலைத் தாராளமாக எடுங்கள். ஹைப்போதெசிஸ் இரு பக்கமும் 32 எழுத்துக்குறிகளை எடுக்கிறது. தமிழில் ஒரு "கி"க்கே இரண்டு குறி செலவாகிறது, சொற்களும் நீளம், 32 குறிக்குள் மூன்று நான்கு சொற்கள்தான் அடங்கும், எனவே 60 அல்லது 80 வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது யாரோ அந்த வரியைத் திருத்தி 30-ஐ 15 ஆக்கிவிட்டார்கள். உங்கள் நிரல் துல்லியமாகத் தேடும், கிடைக்காது. அடுத்து ஏறக்குறைய ஒத்துப்போவதைத் தேடும், "15 நாட்களுக்குள்" கிடைக்கும், சூழலும் கச்சிதமாகப் பொருந்தும். கணக்குப்படி இது மிக நல்ல பொருத்தம். ஆனால் குறிப்பை அங்கே சத்தமில்லாமல் ஒட்டினால், கேட்டபடி குறைத்த பிறகும் அந்த மனிதர் "இவ்வளவு நாள் எதற்கு" என்று குறை சொல்வதுபோல ஆகிவிடும். அவர் சொல்லாததை அவர் வாயில் திணித்தாயிற்று. குறிப்பு தொலைந்து போவதைவிட இது மோசம் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் தொலைந்தது தொலைந்ததென்று தெரியும், இது தெரியாது. எண்களிலும் எதிர்மறையிலும் இந்த ஆபத்து அதிகம். "ஏற்கும்", "ஏற்காது" இரண்டுக்கும் எழுத்தளவில் வித்தியாசம் கொஞ்சம்தான், பொருளோ தலைகீழ்.

அதனால் மூன்று நிலை வையுங்கள். சொற்கள் அப்படியே இருக்கின்றன என்றால் சாதாரணமாகக் காட்டலாம். ஏறக்குறைய பொருந்துகிறது என்றால் அந்த இடத்தில் காட்டி, கூடவே "இந்த வரி மாறியிருக்கிறது" என்று சொல்லி, எழுதியவர் பார்த்த பழைய சொற்களைக் குறிப்பின் தலையிலேயே போடுங்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால் தனிப் பகுதியில், "இடம் இழந்தவை" என்ற தலைப்பில், பழைய மேற்கோளோடு வையுங்கள், ஒருபோதும் அழிக்காதீர்கள். யாராவது குழுவில் ஒருவர் அதை எடுத்துச் சரியான வரியில் கையால் பொருத்தவும் ஒரு வழி இருக்கட்டும். மனிதருக்கு ஒரு நொடியில் தெரிகிற விஷயத்தை நிரல் எவ்வளவு முயன்றாலும் கண்டுபிடிக்காமல் போகலாம்.

பக்கத்தையே உங்கள் கருவி வைத்திருக்கிறது, திருத்தமும் அங்கேயேதான் நடக்கிறது என்றால் நிலைமை எளிது. ஒய்ஜேஎஸ் மாதிரியான, பலர் சேர்ந்து திருத்துவதற்கான நிரல் நூலகங்களில் எண்ணிக்கை இல்லாமல் எழுத்தையே பற்றிக்கொள்ளும் சார்பு இடங்கள் உண்டு, முன்னால் எவ்வளவு சேர்த்தாலும் இடம் கூடவே நகரும். அப்போதும் மேற்கோளைச் சேமிப்பதை விட்டுவிடாதீர்கள்.

தமிழ் எழுத்து வரும்போது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், வெளியிலிருந்து எடுக்கும் பல நூலகங்கள் இதைச் சோதித்திருக்காது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றேதான், ஒப்பிட்டால் வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள், ஆனால் இட எண்ணைக் கணக்கிடும்போது மூலப் பக்கத்துக்குத் திரும்பப் பொருத்தும் அட்டவணை ஒன்று கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹைலைட் ஒன்றிரண்டு எழுத்து தள்ளி விழும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளும் இதே தொல்லையைத் தரும்.

இன்னொன்று, டபிள்யூ3சி தரம் இடத்தை யூனிகோடு குறிகளால் எண்ணச் சொல்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் யூடிஎஃப்-16 அலகுகளால் எண்ணுகிறது. தமிழ் எழுத்துகளுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் நடுவில் ஒரு இமோஜி வந்தால் அது யூடிஎஃப்-16-இல் இரண்டு அலகாகி, அதற்குப் பின் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். அப்புறம் சூழலை வெட்டும்போது எழுத்தின் நடுவில் வெட்டிவிடாதீர்கள், மேற்கோள் ஒரு புள்ளிவட்டத்தோடு தொடங்கி அசிங்கமாகத் தெரியும். இன்டல் செக்மென்டர் என்ற வசதி பிரவுசரிலேயே இருக்கிறது, அதை வைத்து முழு எழுத்தாக வெட்டலாம்.

பிடிஎஃப் வந்தால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த கோப்புகளில் திரையில் தமிழ் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் கலவை. புதிய கோப்புகளிலும் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பதுண்டு. அங்கே சொற்களை நம்பவே முடியாது, பக்க எண்ணையும் அந்தப் பக்கத்தில் தேர்ந்தெடுத்த செவ்வகத்தையும் சேர்த்துச் சேமிப்பதுதான் வழி.

ஓரத்தில் எப்படிக் காட்டுவது

வாசகம்தான் நடுநாயகம். இதை மறந்த கருவிகளில் நாலு பேர் ஹைலைட் செய்ததும் பக்கம் முழுக்க மஞ்சளும் பச்சையும் அப்பி, வாசிக்க வந்தவர் ஓடிவிடுகிறார். ஒரே வரியில் பல குறிப்புகள் விழுந்தால் நிறத்தின் மேல் நிறம் பூசாமல் மெல்லிய ஒரே அடிக்கோடு, ஓரத்தில் ஒரு எண், தொட்டால் எல்லாம் விரியும், அது போதும். எல்லாவற்றையும் ஒரே தட்டலில் மறைத்துவிட்டு வெறும் வாசகத்தை வாசிக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். முதல் வாசிப்பில் பிறர் என்ன சொன்னார்கள் என்று பார்க்க விரும்பாதவர்கள் நிறைய, அவர்கள் செய்வது சரியும்கூட.

தொழில்நுட்பமாக ஒன்று: ஹைலைட் போடுவதற்காகப் பக்கத்தின் உறுப்புகளை உடைத்து நடுவில் உங்கள் குறிகளைச் செருகாதீர்கள். பக்கத்தின் சொந்த நிரல் மறுபடி வரையும்போது எல்லாம் கலைந்துவிடும், சில பக்கங்கள் உடைந்தே போகும். சிஎஸ்எஸ் கஸ்டம் ஹைலைட் வசதி 2022-இல் குரோமின் 105-ஆம் பதிப்பில் வந்தது, பிற முக்கிய பிரவுசர்களிலும் பின்னர் வந்துவிட்டது. அது பக்க அமைப்பைத் தொடாமலே நிறம் காட்டும். ஆனால் அந்த நிறம் உறுப்பாக இல்லாததால் நேரடியாகச் சொடுக்க முடியாது, சொடுக்கிய இடம் எந்த எல்லைக்குள் விழுகிறது என்று நீங்களே கணக்கிட வேண்டும். நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது, நிறக்குருடு உள்ளவர்களுக்குக் கோடும், திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களுக்கு விசைப்பலகையில் அடுத்த குறிப்புக்குத் தாவும் வழியும் தேவை.

கைபேசியில் ஓரம் என்ற ஒன்றே கிடையாது. சொற்களைத் தேர்ந்தெடுத்ததும் கைபேசியே தன் பட்டியை நீட்டும், அதே இடத்தில் உங்கள் பொத்தானையும் வைத்தால் இரண்டும் மோதும். உங்களுடையதைத் திரையின் அடியில் வையுங்கள். குறிப்புப் பலகை கீழிருந்து எழும்பும்போது பேசப்படும் வரி அதற்கு மேலே தெரியும்படி பக்கத்தை நகர்த்துங்கள், இதைச் செய்யாவிட்டால் வரியைப் பார்க்காமலே வரியைப் பற்றி எழுத வேண்டியிருக்கும்.

பேச்சு

ஒரு குறிப்பின் கீழே பதில்கள், அதற்குக் கீழே பதில்கள் என்று கிளை விட்டுக்கொண்டே போகாதீர்கள். ஒரே அடுக்குப் பதில் போதும். பேச்சு வேறு வரிக்குத் தாவினால் அந்த வரியில் புதுக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள், பதிலெழுதும் பெட்டியிலேயே அதற்கொரு வழி வைத்தால் மக்கள் செய்வார்கள். குறிப்புகளைப் புதியது முதலில் என்றோ விருப்பம் அதிகமானது முதலில் என்றோ அடுக்க வேண்டாம், வாசகத்தில் வரும் வரிசையிலேயே வரட்டும். விருப்பப் பொத்தானே வேண்டாம் என்பேன். அதை வைத்த அன்றே கேள்வி கேட்பவர்கள் குறைந்து, கைதட்டலுக்கு எழுதுபவர்கள் கூடுகிறார்கள். அதற்குப் பதிலாக எழுதும்போதே "கேள்வி", "மறுப்பு", "திருத்தம்", "கூடுதல் தகவல்" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி கொடுங்கள். பதில் கிடைக்காத கேள்விகளை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடிவதுதான் வாசிப்புக் குழு நடத்துபவருக்கு நீங்கள் தரக்கூடிய ஆகப்பெரிய உதவி.

அறிவிப்பு மின்னஞ்சலில் "உங்களுக்கு ஒரு பதில் வந்திருக்கிறது" என்று மட்டும் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். மூல வரி, நீங்கள் எழுதியது, வந்த பதில், மூன்றும் மின்னஞ்சலுக்குள்ளேயே இருக்க வேண்டும். இணைப்பைத் தொட்டால் பக்கத்தின் தலைப்புக்கு அல்ல, நேராக அந்த வரிக்குப் போக வேண்டும். பதில்களை ஒரு நாளுக்கு ஒரு மடலாகத் தொகுத்து அனுப்புவதையே இயல்பாக வையுங்கள்.

யார் பார்க்கலாம்

தனக்காகக் கோடு போடுவதும் பிறருக்காகக் குறிப்பெழுதுவதும் ஒன்றல்ல. கேத்தி மார்ஷலும் ஏ.ஜே. பிரஷும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தாளில் போட்ட சொந்தக் குறிகளில் மிகச் சிலவே பொதுக் குறிப்புகளாக மாறின, மாறியவையும் நிறையத் திருத்தி எழுதப்பட்டே வந்தன. ஆகவே ஹைலைட் என்பது இயல்பில் அந்தரங்கமாக இருக்கட்டும், "குழுவுக்குக் காட்டு" என்பது தனியான ஒரு செயலாக இருக்கட்டும். அனுப்பும் பொத்தான் மீதே யாருக்குப் போகிறது என்று எழுதுங்கள்: "நான் மட்டும்", "வாசிப்புக் குழு, 12 பேர்", "எல்லோரும்". வெறும் பூட்டுப் படம் பத்தாது.

பிரவுசர் நீட்டிப்பாகச் செய்கிறீர்கள் என்றால் போகிற பக்கத்தின் முகவரியையெல்லாம் உங்கள் சர்வருக்கு அனுப்பிக் குறிப்பு உண்டா என்று கேட்காதீர்கள். ஒருவர் என்ன வாசிக்கிறார் என்பது அவருடைய மனசுக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். பொத்தானைத் தொட்டால் மட்டும் கேளுங்கள்.

பிறருடைய பக்கத்தின் மேல் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற யோசனைக்கு நீண்ட, சிரமமான வரலாறு இருக்கிறது. தேர்டு வாய்ஸ் என்ற கருவி 1999-இல் வந்தது, தளம் நடத்துபவர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்து 2001-இல் மூடியது. கூகுளின் சைடுவிக்கி 2009-இல் வந்து 2011-இல் நின்றது. 2016-இல் ஜீனியஸ் தளத்தின் கருவிக்கு எதிராக, தங்கள் பக்கத்தில் இதை மறுக்க வழியே இல்லை, துன்புறுத்தலுக்கு இது வசதி என்று வலைப்பதிவு எழுதுபவர்கள் குரல் கொடுத்தார்கள். ஒரு பெரிய பத்திரிகையின் தலையங்கத்தை வரிவரியாகக் கேள்வி கேட்பது ஒன்று, தன் அனுபவத்தைத் தனியாக எழுதும் ஒருவரின் வரிகளுக்கு மேல் அந்நியர்கள் வந்து எழுதுவது முற்றிலும் வேறு. என் பரிந்துரை இது: குழுவுக்குள் எழுதுவதை எந்தப் பக்கத்திலும் அனுமதியுங்கள், உலகுக்கே தெரியும்படி எழுதுவதை அந்தப் பக்கத்துக்காரர் ஏற்றுக்கொண்ட இடத்தில் மட்டும் அனுமதியுங்கள். புகார் பொத்தான் கணக்கு இல்லாதவருக்கும் வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் யாருடைய பக்கத்தின் மேல் எழுதப்பட்டதோ அவருக்கு உங்களிடம் கணக்கு இருக்காது.

சேமிப்பும் சோதனையும்

முகவரிகளைச் சுத்தம் செய்யுங்கள். ஒரே கட்டுரைக்கு விளம்பரக் குறிகள் ஒட்டிய முகவரி, கைபேசி முகவரி, அச்சு வடிவ முகவரி என்று பல இருக்கும், ஒரே குழு மூன்றாகப் பிரிந்து ஒருவரையொருவர் பார்க்காமல் பேசிக்கொண்டிருக்கும். பக்கமே அறிவிக்கும் நிலையான முகவரியை முதலில் பாருங்கள், ஆனால் சில தளங்கள் எல்லாப் பக்கத்துக்கும் முகப்பையே கொடுத்து வைத்திருக்கும், அதையும் சரிபாருங்கள். முதல் குறிப்பு விழும்போது பக்கத்தின் ஒரு பிரதியை இணைய ஆவணக் காப்பகத்தில் சேர்க்கக் கோருவது, பின்னால் வரி காணாமல் போகும்போது உதவும். குறிப்புகளை டபிள்யூ3சி வடிவத்திலேயே வெளியே எடுக்கும் பொத்தானை முதல் பதிப்பிலேயே வையுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் வராது.

எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டியதும் இல்லை. ஹைப்போதெசிஸின் மூலநிரல் திறந்தே இருக்கிறது, ரெகோகிட்டோ என்ற குறிப்புக் கருவியின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமும் கிடைக்கிறது, குறிப்பை வரியோடு கட்டும் பகுதியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு உங்கள் உழைப்பைப் பேச்சு நடக்கும் விதத்தில் செலவிடலாம்.

வெளியிடும் முன் ஒரு பக்கத்தை எடுத்து வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். மேலே ஒரு பத்தியைச் சேருங்கள், குறிப்புள்ள வரியில் ஒரு எண்ணை மாற்றுங்கள், ஒரு பத்தியை இரண்டாக உடையுங்கள், ஒரு இமோஜி போடுங்கள், அதே சொற்றொடரை இன்னொரு இடத்தில் ஒட்டுங்கள், கடைசியில் குறிப்புள்ள வரியையே நீக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு குறிப்பு சரியான இடத்தில் நிற்கிறதா, அல்லது இடம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறதா என்று பாருங்கள். தப்பான இடத்தில் தைரியமாக நின்றால் பொருத்தத்தின் வரம்பை இறுக்கி மறுபடி ஓட்டுங்கள். இதில் தேறிய பிறகு ஒரு சிறு குழுவிடம் ஒரே ஒரு வாசகத்தைக் கொடுங்கள், எத்தனை குறிப்பு விழுந்தது என்று எண்ண வேண்டாம், எத்தனை கேள்விக்குப் பதில் வந்தது, பதில் எழுதியவர்கள் எழுதும் முன் அந்த வரிக்குத் திரும்பிப் போனார்களா என்பதை மட்டும் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். போகவில்லை என்றால் உங்கள் பலகை வரியை மறைக்கிறது அல்லது மேற்கோள் போதவில்லை, அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த குழுவிடம் கொடுங்கள்.